எஸ்.ஆர். சங்கரனுக்கு நினைவு நாள் நடத்துவது எப்படி

முதல் வருஷம் நான் செய்த தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2017 அக்டோபர் 7. வருவாய்த் துறையில் 31 வருஷம் வேலை பார்த்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. கையில் நேரம் இருந்தது, கொஞ்சம் பணமும் இருந்தது. சங்கரன் ஐ.ஏ.எஸ். மறைந்த நாளில் எங்கள் ஊரில் ஒரு கூட்டம் நடத்தியே தீர வேண்டும் என்று ஆசை. பத்தடிக்கு ஆறடி ஃபிளெக்ஸ் பேனர், ஆளுயர ரோஜா மாலை, நான்கு பொன்னாடை, மேடைக்கு இரண்டு அதிகாரிகள், ஒரு பேராசிரியர். ஊரிலுள்ள தூய்மைப் பணியாளர்கள் 40 பேரையும் அழைத்திருந்தேன். மேடைக்காரர்கள் வந்து சேர ஒன்றேகால் மணி நேரம் தாமதம். அதற்குள் பணியாளர்களில் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். மீதிப் பேர் கடைசி வரிசையிலும் சுவரோரமும் உட்கார்ந்து, பொன்னாடை போர்த்தும்போதெல்லாம் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி தள்ளிக்கொண்டு வரும் அக்கா நின்றார். "நேத்து உங்க கூட்டத்துக் குப்பை மட்டுமே ரெண்டு நடை ஆச்சும்மா. அந்த பேனரை மட்டும் தனியா எடுத்து வெச்சிருக்கேன். மழைக்குக் கூரை மேல போட்டுக்கவா?" என்று கேட்டார். போட்டுக்கோங்க என்றேன். அந்தக் கூட்டத்தில் உருப்படியாக நடந்த ஒரே காரியம் அதுதான்.

அதன் பிறகு வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, இப்போது ஒரு வழிக்கு வந்திருக்கிறோம். வேறு ஊர்களிலிருந்து இரண்டு மூன்று பேர் "எப்படிச் செய்யறீங்க?" என்று கேட்டதால் எழுதுகிறேன். நான் சொல்வது சங்கரனுக்கானது. அவரைப் போல இன்னொருவரை நினைவுகூரப் போகிறீர்கள் என்றாலும், தேதியையும் சட்டத்தையும் மாற்றிக்கொண்டு அப்படியே செய்யலாம்.

முதலில், யார் இவர் என்பதைப் பத்து நிமிஷத்தில் சொல்லத் தெரிய வேண்டும். தஞ்சைச் சீமையில் 1934 அக்டோபர் 22 அன்று பிறந்த தமிழர். 1957-இல் ஐ.ஏ.எஸ்.ஸில் சேர்ந்தார். வேலை பார்த்ததெல்லாம் ஆந்திரா, திரிபுரா, டில்லி. 1976-இல் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம் வந்தபோது, அதைக் காகிதத்தில் தூங்கவிடாமல் ஆந்திரக் கிராமங்களுக்கு எடுத்துக்கொண்டு போனவர். சமூக நலத் துறையில் இருந்தபோது தலித், பழங்குடிப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளிகளுக்காகப் பாடுபட்டார். திரிபுராவில் நிருபேன் சக்கரவர்த்தி முதலமைச்சராக இருந்தபோது தலைமைச் செயலாளர். 1987 டிசம்பரில் கிழக்கு கோதாவரி மாவட்டக் காட்டுப் பகுதியில் நக்சலைட்டுகள் அவரையும் சக அதிகாரிகளையும் கடத்திக்கொண்டு போனார்கள். அதே மனிதர் பத்து வருஷம் கழித்து, அக்கறையுள்ள குடிமக்கள் குழுவில் இருந்துகொண்டு, அவர்களுக்கும் அரசுக்கும் நடுவே பேச்சுவார்த்தை நடக்க உழைத்தார். மத்திய ஊரக வளர்ச்சித் துறைச் செயலாளராக ஓய்வு பெற்ற பிறகு ஹைதராபாத்தில் ஒரு சின்ன ஃபிளாட். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கையால் மலம் அள்ளும் முறையை ஒழிக்கப் போராடும் பெஜவாடா வில்சனின் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் இயக்கத்துக்கு வழிகாட்டி. 2005-இல் பத்ம பூஷண் அறிவித்தார்கள், வேண்டாம் என்றுவிட்டார். 2010 அக்டோபர் 7 அன்று காலமானார்.

இவ்வளவுதான். இதையே சொல்லுங்கள், கூட்டிச் சொல்லாதீர்கள். மேடையில் ஏறினால் நமக்கு ஒரு வியாதி உண்டு: "எங்கேயோ பிறந்தவர், நமக்காக இறங்கி வந்தார்" என்று ஆரம்பித்துவிடுவோம். கேட்கிறவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இறங்கி வந்தார் என்றால் அவர்கள் கீழே இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? தெய்வம், மகான், அவதாரம் எதுவும் வேண்டாம். அவர் ஒரு அரசு ஊழியர், சட்டப்படி செய்ய வேண்டிய வேலையைச் செய்தார். அந்தச் சட்டம் இன்னும் இருக்கிறது, அந்த நாற்காலிகளும் இருக்கின்றன. அப்படிச் சொன்னால்தான் அடுத்த கேள்வி வரும்.

தேதி விஷயம். பிறந்த நாள், நினைவு நாள் இரண்டும் அக்டோபரில்தான். 22-ஆம் தேதி வேண்டாம் என்பது என் அனுபவம். பல வருஷங்களில் அது தீபாவளியை ஒட்டி வந்துவிடுகிறது. தீபாவளி வாரத்தில் தெரு கூட்டுகிறவர்களை ஒரு இடத்தில் உட்கார வைக்க முடியாது. பட்டாசுக் குப்பை, துணிக்கடை அட்டைப்பெட்டி, இனிப்புக் கடைக் கழிவு என்று இரண்டு ஷிஃப்ட் போடுவார்கள். 7-ஆம் தேதி நல்லது. போனஸ் பேச்சும் அப்போதுதான் ஆரம்பித்திருக்கும், அதனால் ஆட்களும் வருவார்கள். ஆனால் நாள்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2019-இல் அதே 7-ஆம் தேதி ஆயுத பூஜை. ஊரெல்லாம் பூசணிக்காய் உடைத்து, வாழைக்கன்று கட்டி வைத்திருந்தார்கள். அதையெல்லாம் அள்ளி முடிக்கவே அவர்களுக்கு மூன்று நாள் ஆனது. நாங்கள் சனிக்கிழமை 12-ஆம் தேதிக்குத் தள்ளி வைத்தோம். ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை.

நேரம் பிற்பகல் மூன்றரை. காலை 10 மணி என்று போட்டால் அது அதிகாரிகளுக்கான கூட்டம். மாலை 6 மணி என்றால் படித்தவர்களுக்கான கூட்டம். தூய்மைப் பணியாளர் விடிகாலை ஐந்தரைக்கே மஸ்டருக்கு, அதாவது வருகைப் பதிவுக்கு, வந்துவிடுகிறார். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிடவே இரண்டரை ஆகிவிடும். ஆறு மணிக்கு மேல் பெண்களுக்கு அடுப்பு வேலை. நடுவில் கிடைக்கிற இரண்டு மணி நேரம்தான் உங்களுடையது.

இடத்துக்கு மேடை இல்லாத கூடமாகப் பாருங்கள். நாங்கள் ஒரு டியூஷன் சென்டரின் மாடியை வாங்கிக்கொள்கிறோம். கல்யாண மண்டபம் என்றால் மேடை தானாக இருக்கும், மேடை இருந்தால் யாராவது ஏறிவிடுவார்கள். அக்டோபர் என்பதால் திறந்த வெளி வேண்டவே வேண்டாம். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். எல்லாம் ஒரே மாதிரி நாற்காலி. விருந்தினருக்கு மட்டும் துண்டு விரித்த குஷன் நாற்காலி கொண்டுவந்து வைப்பார் வாடகைக்காரர், திருப்பி அனுப்பிவிடுங்கள். வட்டமாகப் போட்டாலும் பணியாளர்கள் உடனே உட்கார மாட்டார்கள். "பரவால்லம்மா, நாங்க இப்படி நிக்கிறோம்" என்பார்கள். அப்படிச் சொல்லும்போது நீங்களும் நிற்க வேண்டும். நாங்கள் உட்காராமல் நின்றால் அவர்கள் சங்கடப்பட்டு உட்கார்ந்துவிடுவார்கள். கொஞ்சம் தந்திரம்தான், பலிக்கிறது.

பேனர் இல்லை. ஒரு சாதாரண ஃபிரேம் போட்ட படம், ஏ4 அளவு. ஒரு விளக்கு, கொஞ்சம் உதிரி சாமந்தி. மாலை வேண்டாம். பொன்னாடை பற்றி ஒரு சம்பவம். இரண்டாம் வருஷம், பத்ம பூஷணை அவர் மறுத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதாளச் சாக்கடைப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவர் நடுவில் கேட்டார்: "டில்லியில குடுக்கற மெடலையே வேணாம்னுட்டாரா? அப்ப இந்தத் துண்டு எதுக்கும்மா?" மேசையில் அடுக்கி வைத்திருந்த துண்டுகளைக் கை காட்டினார். அந்த வருஷத்தோடு துண்டும் போனது.

டீ, சுண்டல். எவர்சில்வர் டம்ளர், தட்டு. பேப்பர் கப், பிளாஸ்டிக் ஸ்பூன் எதுவும் கூடத்துக்குள் நுழையக் கூடாது. டம்ளர் கழுவ இரண்டு பேரை முன்கூட்டியே போடுங்கள், அந்த இரண்டு பேர் பணியாளர்களாக இருக்கக் கூடாது. இது சொல்லித் தெரிய வேண்டியதா என்று நினைப்பீர்கள். நாம் சும்மா இருந்தால், பழக்க தோஷத்தில் அவர்களே எழுந்து போய்க் கழுவ ஆரம்பித்துவிடுவார்கள். மூன்றாம் வருஷம் என் கண் முன்னால் நடந்தது.

செலவு? போன வருஷம் எங்களுக்கு 60 நாற்காலி வாடகை, டீ, சுண்டல், ஜெராக்ஸ், தபால் எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய். முதல் வருஷ மாலை, துண்டு, பேனருக்கே அதைவிட மூன்று மடங்கு ஆனது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கூட்டத்தின் மையம் படமும் பேச்சும் இல்லை, மூலையில் போடும் மேசைதான். நாங்கள் மனு மேசை என்கிறோம். மூன்று மேசை, ஒவ்வொன்றிலும் எழுதத் தெரிந்த ஒருவர். ஓய்வு பெற்ற வருவாய்த் துறைக்காரர், தபால்காரர், எல்.ஐ.சி. ஏஜென்ட், யாராக இருந்தாலும் சரி, கையெழுத்து புரிய வேண்டும், பொறுமை வேண்டும். பேச்சு அரை மணி நேரத்தில் முடிய வேண்டும். மிச்ச நேரமெல்லாம் மேசைக்கு.

மேசைக்கு வரும் குறைகளில் முக்கால்வாசி சம்பளம் பற்றியவை. ஒப்பந்த ஊழியர்கள் என்பதால் சம்பளச் சீட்டே கையில் இருக்காது. பி.எஃப். பிடிக்கிறார்கள், ஆனால் எவ்வளவு என்று தெரியாது. நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய கணக்கு இது: ஊழியர் பங்கு 12 சதவீதம், முதலாளி தன் கையிலிருந்து போட வேண்டியது இன்னொரு 12. இ.எஸ்.ஐ.க்கு ஊழியரிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25. முதலாளி பங்கையும் சேர்த்துக் கூலியிலேயே கழித்துவிடுவது பல இடத்தில் நடக்கிறது. அதைக் கண்டுபிடிக்க யூ.ஏ.என். என்கிற பி.எஃப். எண்ணும் பி.எஃப். பாஸ்புக்கும் வேண்டும். பாஸ்புக்கைப் பார்க்க ஓடிபி வேண்டும். ஓடிபி வருகிற போன் மகனிடம் இருக்கும், மகன் வேலைக்குப் போயிருப்பான். இதில் நாங்கள் ஒரு வருஷம் முழுக்கத் தோற்றோம். அதனால் முதல் நாள் மாலையே வீடு வீடாகப் போய், "நாளைக்கு ஆதாரோட சேர்ந்த நம்பர் எந்த போன்ல இருக்கோ அந்த போனை எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். ஆதார், பேங்க் பாஸ்புக், இருந்தால் இ.எஸ்.ஐ. அட்டை. அவ்வளவு போதும்.

மனுவை அவர் சொல்கிறபடி எழுதுங்கள். எழுதி முடித்ததும் உரக்கப் படித்துக்காட்டுங்கள். "சமூகம் அவர்களின் மேலான கவனத்திற்கு" என்றெல்லாம் அலங்காரம் வேண்டாம். பெறுநர், பொருள், எந்த மாதம், எவ்வளவு குறைந்தது, என்ன வேண்டும், தேதி. ஒரு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். 31 வருஷம் மனு வாங்கும் பக்கம் உட்கார்ந்தவள் சொல்கிறேன், நம்புங்கள். இரண்டு பிரதி எடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, ரசீதைக் கையில் வாங்காமல் வெளியே வரக் கூடாது. கொடுக்கப் போகும்போது நம்மில் ஒருவர் கூடப் போக வேண்டும். தனியாகப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட கதைகள் நிறைய உண்டு.

சிலர் பேசுவார்கள், மனு வேண்டாம் என்பார்கள். மேஸ்திரிக்குத் தெரிந்தால் அடுத்த நாள் வேலை இல்லை என்ற பயம். வற்புறுத்தாதீர்கள். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் அடுத்த வேலை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, உங்கள் பெயரில். எந்தக் காரணம் கொண்டும் பணியாளர் பெயரில் போடாதீர்கள். எனக்கு ஓய்வூதியம் வருகிறது, என்னை யாரும் வேலையை விட்டு நீக்க முடியாது, அதனால் என் பெயரில் போடுகிறேன். கேட்க வேண்டியது இதுதான். 1976-ஆம் வருஷக் கொத்தடிமைச் சட்டப்படியும், கையால் மலம் அள்ளுவோரைப் பணியமர்த்தத் தடை விதிக்கும் 2013-ஆம் வருஷச் சட்டப்படியும், ஒவ்வொரு மாவட்டத்திலும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அந்தக் குழுக்களின் உறுப்பினர் யார் யார், கடந்த ஒரு வருஷத்தில் எத்தனை முறை கூடின, கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல் வேண்டும். மூன்றே கேள்வி. ஏன், எப்படி என்று கேட்காதீர்கள், அதற்கு அவர்கள் பதில் சொல்லத் தேவையில்லை. பொதுத் தகவல் அலுவலர், ஆட்சியர் அலுவலகம் என்று முகவரி எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு.

கொத்தடிமை நம் ஊரில் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. 2004-இல் கோட்டாட்சியர் அலுவலகத்தில் இருந்தபோது, அரிசி ஆலை ஒன்றிலிருந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களுக்கு விடுதலைச் சான்று நான்தான் தட்டச்சு செய்தேன். கடன் எவ்வளவு என்று கேட்டபோது ஒரு பெரியவர், தன் அப்பா வாங்கியது, தொகை தெரியாது என்றார். சான்றைக் கையில் வாங்கியவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கிழிஞ்சு போனா மறுபடி போகணுமா?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அலுவலகத்தில் லேமினேஷன் வசதி இல்லை. என் சாப்பாட்டுப் பை பிளாஸ்டிக் கவர் ஒன்றில் போட்டுக் கொடுத்தேன். சங்கரன் என்ற பெயர் எனக்கு அப்போது தெரியாது. 2010-இல் அவர் இறந்த செய்தியைப் படித்தபோதுதான், அந்தத் தாளுக்குப் பின்னால் உழைத்தவர்களில் இப்படி ஒருவர் இருந்திருக்கிறார் என்று தெரிந்தது. கூட்டத்தில் என் பங்காக இந்தக் கதையைத்தான் வருஷா வருஷம் சொல்கிறேன். உங்களிடமும் இப்படி ஒன்று இருக்கும். பெரிய பேராசிரியரைத் தேடி அலைவதைவிட அது மேல்.

பேசுவதற்கு வேறு யாரைக் கூப்பிடலாம்? பணியாளர்களில் ஒருவரை. ஐந்து நிமிஷம் போதும். முன்கூட்டியே கேட்டால் மறுப்பார்கள், டீ குடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால், பாதியில் குரல் உயர்ந்து எல்லோருக்கும் கேட்க ஆரம்பித்துவிடும். மைக் வைக்காததற்கு அதுவும் ஒரு காரணம். அதிகாரிகள் வந்தால் வரட்டும், வட்டத்தில் உட்காரட்டும், கடைசியில் பேசட்டும். நான்காம் வருஷத்திலிருந்து அப்படித்தான். ஒருவர் கோபித்துக்கொண்டு போனார், இரண்டு பேர் ஒவ்வொரு வருஷமும் வருகிறார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் தவறாமல் உரக்கப் படியுங்கள். சாக்கடைக் குழியிலோ செப்டிக் டேங்கிலோ இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு. சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் 2003-இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27 அன்று தீர்ப்புச் சொன்னது: 1993-க்குப் பிறகு அப்படி இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம். 2023 அக்டோபரில் வேறொரு வழக்கில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. வீட்டுக்காரர் கூப்பிட்டுத் தனியார் டேங்கில் இறங்கினால் கிடைக்காது என்று ஒரு வதந்தி எங்கள் ஊரில் ரொம்ப நாளாக இருந்தது. டேங்க் யாருடையது என்பதை வைத்து இழப்பீடு இல்லை என்று சொல்ல முடியாது என்று எடுத்துச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், இறங்காதீர்கள் என்பது. பாதுகாப்புக் கவசம் இல்லாமல் உள்ளே இறக்குவது குற்றம், "சும்மா ரெண்டு நிமிஷம்" என்று சொல்பவருக்கும் சேர்த்து. போன வருஷம் இதைப் படித்து முடித்ததும் கூடத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருவர் எழுந்து, தன் தம்பி 2009-இல் இறந்ததைச் சொன்னார். அவருக்கான மனுவை எழுத மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆனது. எஃப்.ஐ.ஆர். நகல் தேட வேண்டியிருந்ததால் அது அன்றைக்கு முடியவில்லை, டிசம்பர் வரை இழுத்தது. அது இப்போது ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது, நான் மாதம் ஒரு முறை போய்க் கேட்கிறேன்.

அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். யார் பெயரில் என்ன மனு, எந்தத் தேதி, ரசீது எண், பதில். அடுத்த அக்டோபரில் கூட்டம் ஆரம்பிக்கும்போது, விளக்கேற்றியதும் முதலில் படிக்க வேண்டியது அந்த நோட்டைத்தான். எழுதிய 23 மனுவில் ஒன்பதுக்குத்தான் பதில் வந்தது என்றால், ஒன்பது என்றே படியுங்கள்.

தகவல் உரிமைப் பதில் நவம்பர் முதல் அல்லது இரண்டாம் வாரத்தில் வரும். வந்ததை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். நான்கு பிரதி ஜெராக்ஸ் எடுத்து, மஸ்டர் போடும் இடத்துக்கே கொண்டுபோய்ப் படித்துக்காட்டுங்கள். காலை ஐந்தரைக்குள் போய்விட வேண்டும். ஆறு மணிக்கெல்லாம் வண்டியை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு தெருவாகப் போய்விடுவார்கள்.